பந்தயக் குதிரையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கலிஃபோர்னியாவிலிருந்து:

ஆர்கேடியாவில், சாண்டா அனிட்டா ரேஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். அப்பா கிண்டி ரேஸ் பார்த்து வளர்ந்தவர். ஊரிலிருந்து வந்தால் காலைப் பயிற்சி பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

2019-இல் அவர் வந்திருந்தபோது மைதான வாசலில் பதாகைகளோடு ஆட்கள் நின்றார்கள். 2018 டிசம்பர் 26-இல் தொடங்கிய அந்த சீசன் ஜூன் 23-இல் முடிவதற்குள் 30 குதிரைகள் செத்துப்போயின. குளிர்கால மழையில் தரை கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அது முழுக் காரணம் இல்லை. கலிஃபோர்னியாவில் ரேஸ் மைதானங்களில் சாகும் குதிரைகளுக்கு 1990 முதலே பிரேதப் பரிசோதனை நடக்கிறது. கால் முறிந்து செத்த குதிரைகளில் பெரும்பாலானவற்றின் எலும்பில் பழைய நுண் காயங்கள் இருந்ததாக அந்தப் பரிசோதனைகள் சொல்கின்றன. அன்றைக்கு ஓடும்போது மட்டும் வந்த காயம் இல்லை அது. வலி மருந்து கொடுத்து ஓடவிட்டால் குதிரையே நொண்டிக் காட்டாது, யாருக்கும் தெரியவும் தெரியாது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஜூன் மாதம் மாநில ரேஸ் வாரியம் பந்தயங்களை நிறுத்தி வைக்கும்படி கேட்டது, மைதானம் மறுத்துவிட்டது. உடனே நிறுத்து என்று உத்தரவு போட வாரியத்துக்கு அப்போது அதிகாரமே கிடையாது! அந்த மாதக் கடைசியில்தான் அதற்கென்று சட்டம் வந்தது. சீசனின் கடைசி நாட்களில் ஐந்து பேர் குழு ஒன்று ஓடப்போகும் ஒவ்வொரு குதிரையின் மருத்துவ, பயிற்சி விவரங்களையும் பார்த்தது. ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் குதிரை ஓடக்கூடாது.

அடுத்த முறை அப்பா வந்தபோது, ஸ்டார்டிங் கேட் அருகே ஒரு குதிரையை அரசுத் தரப்பு டாக்டர் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஜாக்கியை இறங்கச் சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா மட்டும், "நல்ல காரியம் பண்ணார்யா" என்று கை தட்டினார். டிரெய்னரிடம் சம்பளம் வாங்கும் டாக்டர் வேறு, இவர் வேறு. அந்த வித்தியாசம்தான் குதிரையின் உயிர். 2022 ஜூலை முதல் நாடு முழுவதற்கும் பொதுவான பாதுகாப்பு விதிகள் வந்தன, நல்லது. ஆனால் 2023-இல் கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸில் மறுபடி 12 குதிரைகள் போயின. அதனால் இன்னும் நிம்மதி இல்லை.

சிங்கப்பூரிலிருந்து:

நான் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளனாக, இருந்தவன். இங்கே கிராஞ்சி ரேஸ் மைதானத்தில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ரேஸ் நடந்தபோது அழுதுவிட்டேன். அதற்கு முன் வேறு நாட்டில் ஒரு லாயத்தில் வேலை பார்த்தேன். விடியற்காலையில் குதிரைக் காலைத் தடவிப் பார்ப்பது எங்கள் வேலை. முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் ஏதோ கோளாறு. ஒருநாள் அப்படி இருந்ததைச் சொன்னேன். "நீ என்ன டாக்டரா?" என்று கேட்டார் டிரெய்னர். குதிரை ஓடியது, நொண்டிக்கொண்டு திரும்பியது, பிறகு ஓடவே இல்லை. டிரெய்னரைத் தாண்டி நான் போய்ச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. கலிஃபோர்னியா அண்ணன் சொன்ன குழுவில், தினமும் குதிரையின் காலைத் தொடுகிற சைஸ் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஈரோடு பக்கத்திலிருந்து:

நீங்கள் மைதானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் திருவிழாவுக்குத் திருவிழா குதிரை வண்டி ரேக்ளா நடக்கும். தார் ரோட்டில் லாடம் வழுக்கும். இரண்டு பக்கமும் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டே விரட்டி வரும், குதிரை மிரளும். சித்தப்பாவிடம் இரண்டு குதிரைகள் இருக்கின்றன. பிள்ளை மாதிரி வளர்க்கிறார், அவருக்கே இந்த பைக் கூட்டம் பிடிக்காது. நான் பார்த்த பந்தயத்தில் ஆம்புலன்ஸ் நின்றது, கால்நடை மருத்துவர் இல்லை. விழுந்த குதிரையை நாங்களே கயிறு கட்டித் தூக்கினோம்.

இந்த வருடம் விழாக் கமிட்டியிடம் இரண்டு விஷயம் கேட்கப் போகிறோம். ஓடுவதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குதிரையையும் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் யார் வீட்டுக் குதிரையானாலும் ஓடக்கூடாது. வண்டிக்குப் பின்னால் பைக் வரக்கூடாது. வேறு ஊரில் யாராவது இப்படி நடத்தியிருந்தால், கமிட்டியை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.