அநாதை என்று நினைத்துத் தூக்கி வந்த முயல்குட்டிகள்: உங்களுக்கு என்ன நடந்தது? (தென்னாப்பிரிக்காவில் இருக்கும் தமிழர்கள் எழுதியவை; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர்)

டொங்காட்

போன புரட்டாசியில் நடந்தது. எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் கரும்புக் காடு. வெட்டுக்கு முன்னால் தோகைக்குத் தீ வைத்திருந்தார்கள். கரித்தூள் பறந்து காயப்போட்ட துணியெல்லாம் பாழ். அது வருஷா வருஷம் உள்ளதுதான். மறுநாள் விடிந்ததும் துணி எடுக்கப் போன மகள் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். வேலியோரப் புல்லில் இரண்டு முயல்குட்டிகள். உள்ளங்கையில் அடங்கும் அளவு, உடம்பு முழுக்க ரோமம், கண் நன்றாகத் திறந்திருந்தது. ஒன்றின் நெற்றியில் அரிசி மணி அளவுக்கு வெள்ளைப் பொட்டு. கை நீட்டினாலும் அசையவில்லை.

"அம்மா தீயில செத்துப் போச்சு" என்று மகள் அழ, "புரட்டாசியில வாசலுக்கு வந்த உயிர், விட்டுடாத" என்று அவள் ஆயா (பாட்டி) சொல்ல, ஷூ பெட்டியில் பழைய துண்டை விரித்துக் குட்டிகளை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்தது எல்லாமே தப்பு. பசும்பாலைச் சூடாக்கி, பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் எடுத்து, கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினேன். பொட்டு வைத்தது வேகமாகக் குடித்தது. மூக்கு நுனியில் பால் குமிழி விட்டது. "யாரையாவது கேட்டுட்டுக் குடேன்" என்றார் வீட்டுக்காரர். எங்கள் அம்மா இப்படித்தான் ஆட்டுக்குட்டி வளர்த்தார் என்று நான் அடம்பிடித்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அதை நிஜ முயலை மடியில் வைத்துக்கொண்டே சாதித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

ராத்திரி அதன் வயிறு மத்தளம் மாதிரி உப்பியது. மூச்சு விடும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம். விடியற்காலையில் போய்விட்டது.

இன்னொன்றை எடுத்துக்கொண்டு வெட் டாக்டரிடம் (கால்நடை மருத்துவரிடம்) ஓடினோம். அந்த அம்மா திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், முயல்பாலில் 10க்கும் மேலே, குட்டியின் குடல் பசும்பாலுக்குப் பழக்கப்பட்டதே இல்லை என்றார். டிக் டிக் சத்தம், நுரையீரலுக்குள் பால் இறங்கியதால். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "தாய் செத்ததைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அக்கா, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். நானும் தூக்கி வந்திருப்பேன், தடுத்தது எங்கள் தோட்ட வேலைக்கு வரும் ஜூலு பெரியவர், பாபா என்போம். புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு "உநோக்வாஜா" என்று கூப்பிட்டுக் காட்டினார். ஜூலு பாஷையில் முயல். புல்லை அழுத்தி உண்டான சின்னப் பள்ளத்தில் ஒரே ஒரு குட்டி. நான் குனிந்ததும் கையால் தடுத்தார். நாலு குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டினார். அடுத்த வாரம் வரை எங்கள் புல்வெளி பாதி முடி வெட்டிய தலை மாதிரி கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி மாளவில்லை.

தாய் முயல் பகல் முழுக்கக் கிட்டவே வராதாம். இருட்டின பிறகு ஒரு தடவை வந்து, சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். கூடவே இருந்தால் அதன் வாசனை பிடித்து நாயும் கீரியும் வரும். நம் கண்ணுக்கு அது அநாதை, தாயின் கணக்கில் அது ஒளித்து வைத்த பிள்ளை.

இன்னொன்று. ரோமத்தோடு கண் திறந்து பிறப்பது புதர் முயல். நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் பாறைச் சரிவுகளில் இருக்கும் செம்பாறை முயல் வேறு ஜாதி. அதன் குட்டி ரோமமில்லாமல், கண் மூடி, தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தையிட்ட கூட்டில் கிடக்கும். கூடு கலைந்திருந்தால் அப்படியே மூடிவிட்டு வர வேண்டியதுதான்.

உம்கோமாஸ்

இப்போதே என் சமையலறையில் ஒன்று இருக்கிறது, அக்கா. நேற்று சாயங்காலம் பையன் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து கொண்டு வந்தான். எல்லாரும் தொட்டுவிட்டோம். மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே? மடியில் அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, பழகிவிட்டது போல. உங்கள் மற்ற குட்டி என்ன ஆனது?

வெருலம்

தங்கச்சி, முதலில் மடியிலிருந்து இறக்கிவிடுங்கள். அது பழகவில்லை, பயத்தில் உறைந்திருக்கிறது. காட்டு முயலுக்கு அந்தப் பயமே எமன். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மீட்பு மையத்தில் உதவிக்குப் போகிறேன், எத்தனையோ பார்த்துவிட்டேன். மூடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டான மூலை. டிவி, நாய், பிள்ளைகள் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

வாடை விஷயம் வெறும் கட்டுக்கதை. நீங்கள் தொட்டதற்காகத் தாய் ஒதுக்காது. உடம்பில் காயம் இல்லை, சில்லிட்டுப் போகவில்லை என்றால் இன்றைக்கே இருட்டும் நேரத்தில், எடுத்த அதே இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தள்ளி வைத்தால் பிரயோஜனமில்லை, தாய் தேடி வரும் இடம் அது ஒன்றுதான்.

நிஜமாகவே தாய் போய்விட்டது, காரில் அடிபட்டுக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்றால் கதை வேறு. அப்போதும் பால் ரெண்டாவதுதான், முதலில் சூடு. வெந்நீர் போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் வேண்டுமே. உடம்பு ஜில்லென்று இருக்கும்போது எதை ஊட்டினாலும் செரிக்காது. அதற்குள் போன் போட்டுவிடுங்கள். மையத்தில் பூனைக்குட்டிக்கான பால்மாவைக் கரைத்து, 1 மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுப்போம். குட்டி வயிறு கீழே இருக்க, நாலு காலும் ஊன்றி நிற்க வேண்டும். அது நக்கி இழுக்கும் வேகம்தான் நம் வேகம், அமுக்கக் கூடாது. குடித்த பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் வாலடியில் மெதுவாகத் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது. இதை எழுதுவது வீட்டில் வளர்க்கச் சொல்லி அல்ல. காட்டு விலங்கை வீட்டில் வைத்துக்கொள்ள நம் மாகாணத்தில் எசெம்வெலோ என்ற வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும்.

சாட்ஸ்வொர்த்

எங்கள் பூனை ஒன்றைக் கவ்வி வந்தது. ரத்தம் இல்லை, கழுத்தில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. வீட்டில் மீந்திருந்த அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மச்சினி போனிலேயே கத்தினாள். பென்சிலின் வகை மருந்து முயலின் வாய்க்குள் போனால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து முயலே போய்விடுமாம். அதே சமயம் பூனைப் பல் பட்டது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே வெட் டாக்டர் பார்த்தாக வேண்டும், பூனையின் வாயில் அவ்வளவு கிருமி. யெல்லோவுட் பார்க்கில் 1977 முதல் நடக்கும் குரோ விலங்கு மீட்பு மையம் எங்களுக்குப் பக்கம்தான், அங்கே கொண்டு போய் ஒப்படைத்தோம். பூனை இப்போது சாயங்காலமானால் வெளியே போகாது. அதற்கு என் மேல் கோபம்.

கேப் டவுன்

நான் வேலைக்காக ஊரிலிருந்து வந்தவன், உங்களை மாதிரி தலைமுறை தலைமுறையாக இருப்பவன் இல்லை. கரூ என்ற வறண்ட நிலப் பக்கம், போஃபர்ட் வெஸ்ட் ஊரைத் தாண்டி ராத்திரி வண்டி ஓட்டியபோது முன்னால் போன பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஒரு முயல் அடிபட்டது. இறங்கிப் பார்த்தால் பால் சுரந்திருந்தது. டார்ச் அடித்துப் புதரில் அரை மணி நேரம் தேடினேன், குட்டி கிடைக்கவில்லை. மிதித்துவிடுவோமோ என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்து வறண்ட ஆற்றுக் கரைகளில்தான் ஆற்று முயல் இருக்கிறது, அழிவின் விளிம்பில் உள்ள இனம், தாடையோரம் கறுப்புக் கோடு ஓடும். நான் பார்த்த முகத்தில் கோடு இல்லை. அதை மட்டும் நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

டொங்காட்

உம்கோமாஸ் தங்கச்சி கேட்ட மற்ற குட்டி: வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது, இன்றைக்கே திருப்பி வைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். நாயைக் கட்டிப்போட்டோம். பொழுது சாய்ந்ததும் அதே புல்லில் வைத்து, சுற்றிலும் மீலிமாவை (மக்காச்சோள மாவை) வட்டமாகத் தூவினோம், கோலத்துக்கு மாவு எடுக்கிற மாதிரி ஆயாதான் தூவினார். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் தெரியவில்லை. மகள் அங்கேயே தூங்கிவிட்டாள்.

காலையில் குட்டி அங்கே இல்லை. அதன் சின்னத் தடம் மாவைத் தாண்டிப் பக்கத்துப் புல்லுக்குள் போயிருந்தது. அதோடு வேறு தடமும் இருந்தது: ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சின்னப் பதிவு, அவற்றுக்கு முன்னால் இரண்டு நீளப் பதிவு. வெள்ளை மாவில் எல்லாம் கறுப்பாக விழுந்திருந்தன. எரிந்த காட்டுப் பக்கத்திலிருந்து, கரி மிதித்து வந்த கால்.