மேக்கர்ஸ் மார்க்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு,

பழைய வைர மோதிரங்களுக்கான சொற்பட்டியலில் மூன்று சொற்கள் முடியாமல் கிடக்கின்றன: சைன்டு ரிங் (நகை நிறுவனத்தின் பெயர் வெட்டிய மோதிரம்), மேக்கர்ஸ் மார்க் (செய்தவரின் குறி), ஹால்மார்க் (உலோகத் தரக் குறி). கடைசி இரண்டுக்கும் "முத்திரை" என்றே போட்டுவைத்திருக்கிறோம். ஆனால் ஒரே மோதிரத்தில் மூன்றும் தனித்தனியாக இருக்கலாம். 1920களில் பாரிஸில் செய்த, கார்டியே என்ற நகை நிறுவனத்தின் பிளாட்டின மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் "கார்டியே பாரிஸ்" என்ற பெயரும் ஓர் எண்ணும் வெட்டியிருக்கும். சாய்சதுரக் கட்டத்துக்குள் பட்டறைக்காரரின் தலைப்பெழுத்துகளும் ஒரு சின்னமும் இருக்கும். அரசு குத்திய நாய்த்தலை வேறு. தங்கமானால் அந்த இடத்தில் கழுகுத்தலை.

பெயர் விற்ற கடையைச் சொல்கிறது, சாய்சதுரம் செய்த பட்டறையை, விலங்குத்தலை உலோகத் தரத்தை. என் முன்மொழிவு: பெயர்ப்பொறிப்பு, பட்டறை முத்திரை, மாற்று முத்திரை. "பத்தரை மாற்றுத் தங்கம்" நம் வாயில் இன்னும் இருப்பதால் மூன்றாவதில் 'மாற்று' என்பதை உலோகத் தரம் என்று எடுத்துக்கொள்வதில் சிக்கல் இருக்காது.

* * *

> பெயர்ப்பொறிப்பு

இது நிற்காது ஐயா. "பெயர் பொறித்த மோதிரம்" என்று கேட்டால் பெண், மாப்பிள்ளை பேர் வெட்டிய நிச்சயதார்த்த மோதிரத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பாத்திரத்தில் பேர் வெட்டுவதும் உடையவர் பேரைத்தான். "கையொப்பம்" அதைவிட மோசம், அங்கே யாரும் கையெழுத்துப் போடவில்லை.

நகரத்தார் தம் வணிக நிறுவனத்தின் எழுத்துகளை "விலாசம்" என்பார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமே: விலாச மோதிரம். அன்சைன்டு என்பதற்கும் "விலாசம் இல்லாத மோதிரம்" என்று இயல்பாக வந்துவிடுகிறது.

* * *

விலாசம் என்றால் இன்று முகவரி அல்லவா? தபால்காரர் நினைவுக்கு வருகிறார். "விலாசப் பொறிப்பு" என்று முழுசாக எழுதினால் ஏற்கலாம்.

பட்டறை முத்திரையில் எனக்கு வேறு தயக்கம். பிரான்ஸில் அது பொருந்தும்; 1797 சட்டத்திலிருந்து சாய்சதுரம் செய்தவருக்கே உரியது. பிரிட்டனில் சட்டச்சொல் ஸ்பான்சர்ஸ் மார்க். சோதனைச்சாலைக்கு நகையை அனுப்பிப் பொறுப்பேற்பவரின் எழுத்து அது. அவர் வெறும் கடைக்காரராகவும் இருக்கலாம். அங்கே "பொறுப்பு முத்திரை" என்று தனிப்பதிவு வேண்டும்.

நம் ஊர்க் குழப்பத்துக்கும் காரணம் உண்டு. "ஹால்மார்க் சீல்" என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையில் முன்பு நகைக்கடையின் அடையாளமும் சேர்ந்திருந்தது. 2021 ஜூலையிலிருந்து பிஐஎஸ் சின்னம், தரம், ஆறு எழுத்தெண் கொண்ட எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாள எண்) மட்டும்தான்.

* * *

விளக்கக் குறிப்பில் இவற்றையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சொல் இருந்தும் பயனில்லை.

நாய்த்தலை 1912இல் வந்தது, கழுகுத்தலை 1838இல். ஆனால் பழைய நகை பின்னாளில் கைமாறும்போதும் முத்திரை விழலாம். ஆகவே எந்த ஆண்டுக்கு முன் குத்தியிருக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்லும், செய்த ஆண்டு ஆகாது. பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு ஹால்மார்க் 1975இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மோதிரத்தில் வெறும் "பிளாட்" என்ற எழுத்து இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பார்க்கும் முறை: வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு சோப்பு, மென்மையான பிரஷ், நன்றாக உலர்த்தல். பிறகு பத்து மடங்கு லூப் (நகை பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி), விளக்கு பக்கவாட்டில். நேர்வெளிச்சத்தில் தேய்ந்த முத்திரை மறைந்துவிடும். சாய்வொளியில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அச்சால் குத்தியிருந்தால் பள்ளத்தின் ஓரத்தில் உலோகம் சற்றே பிதுங்கியிருக்கும் (பாலிஷ் அதிகமானால் இதுவும் போய்விடும்). அசல் மோதிரத்திலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் எழுத்தின் விளிம்பு மழுங்கி, பள்ளத்துக்குள் பொடிப்பொடித் துளைகள் தெரியும்.

அதிகம் அழிவது அளவு மாற்றும்போதுதான். வளையத்தின் அடிப்பகுதியை வெட்டித் துண்டு சேர்த்தாலோ எடுத்தாலோ விலாசம் பாதியாகிவிடும். பற்றவைத்த கோடு எழுத்தின் நடுவே ஓடினால் அது பழைய பொறிப்பு என்பதற்கு ஓரளவு சாதகம். கோட்டின் மேலேயே எழுத்து சிதையாமல் இருந்தால் பெயர் பிறகு வெட்டியது. விலாசம் விலையை ஏற்றும் என்பதால் இந்தத் திருட்டு வேலை நடக்கிறது.

மாறாக, விலாசம் அழிந்தும் சாய்சதுரம் மட்டும் தப்பிய மோதிரங்கள் உண்டு. கார்டியேவுக்குச் செய்துகொடுத்த ஆன்ரி பிக் போன்ற பட்டறைகளின் எழுத்து அதில் கிடைத்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். அதனால்தான் விலாசமும் பட்டறையும் இரண்டு பதிவாகவே இருக்க வேண்டும் என்கிறேன்.

* * *

சரி. விலாசப் பொறிப்பு, பட்டறை முத்திரை (பிரிட்டனுக்குப் பொறுப்பு முத்திரை), மாற்று முத்திரை என்று பதிகிறேன். சாய்சதுரத்துக்குள் வரும் சின்னத்துக்கு இன்னும் சொல் இல்லை, "பட்டறைக்குறி" போதுமா?