தி பிளாக் கீஸின் 'திக்ஃப்ரீக்னஸ்': முதன்முதலில் கேட்டபோது என்ன நடந்தது?

இசைத்தட்டுப் பிரியர்:

தி பிளாக் கீஸ் என்ற அமெரிக்க ராக் குழுவைச் சொன்னதும் பலருக்கு 2010 முதல் வந்து விருதுகளை அள்ளிய பாட்டுகள்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அவை பிடிக்கும். இங்கே பேச விரும்புவது அவற்றைப் பற்றி அல்ல, 2003 ஏப்ரலில் வந்த இரண்டாவது ஆல்பமான 'திக்ஃப்ரீக்னஸ்' பற்றி. கேட்டவர்கள் எழுதுங்கள். மதிப்பெண், தரவரிசை எல்லாம் வேண்டாம். காதில் விழுந்தபோது என்ன ஆயிற்று என்பது போதும்.

என் வீட்டில் நடந்தது இது. ஊசியை வைத்தேன், கிதார் உறுமிக்கொண்டே எழுந்தது. அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல்: "ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா? அணைத்துவிடுங்கள், மொத்தமாகப் போய்விடப் போகிறது." சிரித்தேனே தவிர, அவள் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. 1950-களில் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டு இப்படியொரு கரகரப்பை வரவழைத்தவர் என்று லிங்க் ரேயைச் சொல்வார்கள். 1960-களில் அந்த மாதிரிச் சத்தத்தைத்தான் சிறு பெட்டிக்குள் அடைத்து ஃபஸ் பெடல் என்று விற்றார்கள். இந்தக் குழுவில் கிதார் வாசித்துப் பாடும் டான் ஆவர்பாக்கின் கிதார் முழுக்க அந்தக் கிழிசல்தான். ஒலிப்பதிவின்போது அவருக்கு வயது 23. குரலுக்கு மட்டும் ஐம்பதாவது இருக்கும்.

பேஸ் வாசிப்பவன்:

கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மெல்லிசைக் குழுக்களில் அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிதார் வாசித்துப் பிழைப்பவன் நான். இந்த ஆல்பத்தில் என் ஜாதிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஆவர்பாக் கிதாரும் குரலும், பாட்ரிக் கார்னி டிரம்ஸ், அவ்வளவுதான். வயிற்றெரிச்சலோடுதான் கேட்க உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடியும்வரை காது பேஸைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு தேடுவதை விட்டுவிட்டது. ஏன் என்று பார்க்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பக் கேட்டேன்.

தடித்த கம்பிகளில் அடிநாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டு வரியின் இடைவெளியில் பதில் சொல்லும் துணுக்குகள் மேல் கம்பிகளில் வருகின்றன. நாகஸ்வரத்தில் ஒத்து ஊதுகிறவரும் நாயனக்காரரும் ஒரே ஆளாகிவிட்ட மாதிரி. ஃபஸ் வேறு அந்தத் தடித்த கம்பியின் ஒலியை அகலப்படுத்தி, நான் நிற்க வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. கார்னி நுணுக்கம் காட்டும் டிரம்மர் அல்ல. கிதார் எங்கே ஊன்றுகிறதோ அங்கேயே தானும் ஊன்றி அடிக்கிறார். இரண்டு பேர் ஒரே அடியில் விழுவதால்தான் கனம் வருகிறது. நான்கு பேர் இருந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் அலங்காரம் செய்யப் போயிருப்பார்கள். என் குழுவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. 'எவ்ரிவேர் ஐ கோ' ஜூனியர் கிம்ப்ரோவின் பாட்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையில், வடக்கு மிசிசிப்பியின் மேட்டுப்பகுதிப் பாணிக்காரர் அவர். புத்தகத்தில் படிக்கும் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) ப்ளூஸ், மூன்று கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டம்) கணக்கு எல்லாம் அங்கே செல்லாது. ஒரே கார்டில் நின்றுகொண்டு, தாளத்தை விடாமல், கேட்பவன் தலையாட்டும்வரை சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆட வந்தவர்களுக்காக உண்டான இசை அது. இந்த ஆல்பத்தின் முரட்டுத்தனத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கேட்டுச் சலித்தவர்:

எல்லோரும் பாராட்டுவதால் ஒருவராவது குறுக்கே பேச வேண்டும். எனக்கு இதில் பாதிக்கு மேல் ஒரே நிறமாகத்தான் கேட்டது. அவள் போய்விட்டாள், அவள் நம்பவில்லை, நான் தனியாக அழுகிறேன். பதினோரு பாட்டுக்கு இவ்வளவுதானா சரக்கு? 'ஹேவ் லவ் வில் டிராவல்' மட்டும் பிடித்தது, அந்தப் பெருமையும் ரிச்சர்ட் பெர்ரியின் மெட்டுக்குத்தான். அதையும் 1965-இல் தி சானிக்ஸ் குழுவினர் தொண்டை கிழியப் பாடி முடித்துவிட்டார்கள். ஒலிப்பதிவைப் பற்றியோ பேசவே வேண்டாம். டிரம்ஸ் தகர டப்பாவாகவும் இல்லை, டிரம்ஸாகவும் இல்லை. கையில் காசில்லாததைப் பாணி என்று சொல்லி விற்றுவிட்டார்கள் என்பது என் கட்சி.

ஒலிப்பதிவுக்காரன்:

மேலே உள்ள கடைசி வாக்கியம் பாதி உண்மை. காசு இல்லாதது நிஜம். மிசிசிப்பியின் ஃபேட் பாஸம் நிறுவனம் கொடுத்த சிறு முன்பணம் வாடகைக்கே போய்விட்டது. அதனால் 2002 டிசம்பரில், கார்னி வீட்டு நிலவறையில், 14 மணி நேரம் தொடர்ந்த ஒரே அமர்வில் ஏறக்குறைய மொத்த ஆல்பத்தையும் பதிந்தார்கள்.

ஆனால் அந்தச் சத்தம் தானாக வந்துவிடவில்லை. அவர்கள் பயன்படுத்திய டாஸ்காம் 388 என்ற இயந்திரத்தில் நான் கொஞ்ச காலம் வேலை செய்திருக்கிறேன். 1980-களின் சரக்கு. மிக்ஸரும் டேப் சுருளும் ஒரே உடம்பில் இருக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும். கால் அங்குல டேப்பில் எட்டுத் தடங்களைத் திணித்திருப்பார்கள். தடம் அவ்வளவு குறுகலாக இருக்கும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே டேப் திணறும். ஸ்னேர் டிரம்மின் கூர்மை மழுங்கி, அடி மட்டும் கொழுத்து நிற்கும். மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்வது எங்கள் பழக்கம். இவர்கள் முள்ளை அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள் என்றுதான் என் காது சொல்கிறது. நண்பர் குறை சொன்ன டிரம்ஸ் இப்படிப் பிறந்ததுதான். பிடிக்காமல் இருக்கலாம், அது உரிமை. கவனக்குறைவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஓஹையோவாசி:

என் வீட்டிலிருந்து அவர்களுடைய ஆக்ரன் நகரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். தமிழர்களுக்கு இந்தப் பக்கம் என்றால் கிளீவ்லாந்தும் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜ ஆராதனையும்தான். கீர்த்தனைகளைக் கேட்க வருகிறவர்கள் யாரும் தெற்கே ஆக்ரன் பக்கம் திரும்புவதில்லை. திரும்பினால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் எல்லாம் பிறந்த ஊர். ஒரு காலத்தில் உலகின் ரப்பர் தலைநகரம் என்றே பெயர். பிறகு தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. அடுத்த ஆல்பமான 'ரப்பர் ஃபேக்டரி'யை 2004-இல் அவர்கள் வெளியிட்டார்களே, அதைப் பதிந்தது கைவிடப்பட்ட ஒரு டயர் தொழிற்சாலைக் கட்டடத்தில்.

இந்த ஆல்பத்தை நான் காரில்தான் முதலில் கேட்டேன். பிப்ரவரி, சாலையோரம் உப்புக் கலந்த கரும்பனி, ஹீட்டர் முழு வேகத்தில். 'செட் யூ ஃப்ரீ' வந்தபோது ஆக்சிலேட்டரில் கால் தானாக அழுந்தியது. அடுத்த சிக்னலுக்குப் பிறகு போலீஸ்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அபராதச் சீட்டை எழுதிக்கொண்டே "நம் ஊர்ப் பையன்கள்" என்றார். சீட்டு என்னவோ முழுத் தொகைக்குத்தான்.

பேஸ் வாசிப்பவன்:

கேட்டுச் சலித்தவருக்கு ஒரு யோசனை. 'திக்ஃப்ரீக்னஸை' ஓரமாக வைத்துவிட்டு 2006-இல் வந்த 'சூலஹோமா'வைக் கேளுங்கள். முழுக்கக் கிம்ப்ரோவின் பாட்டுகள். வேகம் குறைவு, கிதாருக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. கிம்ப்ரோ 1998-இல் இறந்தார். அவர் வாசித்துவந்த கூடமும் 2000-இல் எரிந்துபோயிற்று. இந்தத் தட்டின் கடைசியில் அவருடைய மனைவி தொலைபேசியில் விட்ட செய்தியைச் சேர்த்திருக்கிறார்கள். தன் கணவரின் பாட்டை இவர்கள் வாசித்த விதத்தை அந்த அம்மாள் பாராட்டுகிறார். காசில்லாத பாணியா இல்லையா என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

கேட்டுச் சலித்தவர்:

சாட்சி பலமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். ஆனால் அந்த டிரம்ஸ் விஷயத்தில் என் கருத்து மாறாது.