ஆண்டு விழா நாடகத்தில் மதிய உணவு டப்பாவைக் கேலி செய்வது: அந்த ஒரு வரி இருக்கலாமா?

தூத்துக்குடித் தாய்:
என் மகள் படிக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு விழாவுக்காகப் பத்து நிமிட நகைச்சுவை நாடகம் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். தொலைக்காட்சிச் செய்தி அறிக்கையைப் போலவே குரலை மாற்றிக்கொண்டு, மதிய உணவு டப்பாவைப் பற்றிய செய்திகளை வாசிக்கிறார்கள். 'தயிர்ச் சாதம் தொடர்ந்து மூன்றாவது நாளாகத் திறக்கப்படாமலே வீடு திரும்பியது. சமையலறையில் பதற்றம் நிலவுகிறது' என்பது தலைப்புச் செய்தி. வானிலைப் பகுதியில், 'சாம்பார் டப்பாவின் மூடி தளர்ந்திருப்பதால் சமூக அறிவியல் புத்தகத்தின் தாழ்வான பக்கங்களில் வெள்ளம் சூழக்கூடும்' என்கிறார்கள். ஒத்திகையில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த வரி இது: 'மூன்றாவது பெஞ்சில் கருவாட்டுத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளது, மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒரு சிறுமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு செருப்பின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள். அந்த வரியை நீக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, விளையாட்டை வினையாக்காதீர்கள் என்று மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கரும்பலகை:
அம்மா, நான் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. ஆனாலும் வரியை நீக்குவதை நான் எதிர்க்கிறேன். பிள்ளைகள் தங்கள் கண்ணால் கண்டதைத் தங்கள் சொல்லால் எழுதும் வாய்ப்பு பள்ளியில் மிகவும் குறைவு. பெரியவர்கள் வந்து ஒரு வரியை அடித்தால், மறுநாளே அவர்கள் நமக்குப் பிடித்ததை மட்டும் எழுதக் கற்றுக்கொள்வார்கள். அதன்பின் அந்த நாடகத்தில் உயிர் இருக்காது. தயிர்ச் சாதத்தைக் கேலி செய்யலாம், சாம்பாரைக் கேலி செய்யலாம், கருவாட்டை மட்டும் தொடக் கூடாது என்றால், அது தனியே ஒதுக்கி வைக்க வேண்டிய உணவு என்றல்லவா ஆகிவிடும்?

நெத்திலி:
ஐயா, கடைசியாக நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், ஏனென்றால் அந்த மூன்றாவது பெஞ்சில் ஒரு காலத்தில் உட்கார்ந்தவள் நான். எங்கள் ஊர் கடற்கரை ஊர். மீன் கிடைக்காத நாளில் அம்மா நெத்திலிக் கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, மண் போக மூன்று முறை அலசி, சின்ன வெங்காயத்தோடு வதக்கி, சோற்றுக்குள் புதைத்துக் கட்டித் தருவார். வாசனை வெளியே வரக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிப் புதைப்பது. டப்பாவின் மூடியை முழுவதும் திறக்காமல், பாதி மூடியபடியே விரல்களை உள்ளே விட்டுச் சாப்பிட்டு ஐந்தாண்டுகள் படித்தேன். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதை அறிவியல் ஆசிரியை வகுப்பில் சொன்ன நாளில்கூட மூடியைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

தயிர்ச் சாதம் எல்லார் வீட்டு டப்பாவிலும் இருப்பதால், அதைக் கேலி செய்யும்போது சிரிக்கிறவன் தன்னையும் சேர்த்தே சிரிக்கிறான். கருவாடு வகுப்பில் இரண்டு பேர் டப்பாவில் இருக்கும். அசைவம் கொண்டுவர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிடும் பள்ளிகளும் இருக்கின்றன. எது ஒதுக்கி வைக்கப்பட்ட உணவு என்பதை அந்தச் சிறுமிக்கு நாடகம் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அவள் ஏற்கெனவே அறிந்ததை மேடையில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

கரும்பலகை:
சகோதரி, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். மறுத்துச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. ஆனால் வரியை நீக்குவதற்குப் பதிலாக, அந்தச் சிறுமியையே அழைத்து அடுத்த செய்தியை எழுதச் சொல்லலாமே. அவள் எழுதினால் மூக்கைப் பொத்துகிறவர்கள் மீது கேலி திரும்பும்.

நெத்திலி:
பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள் ஐயா. அப்போது என்னை அழைத்து எழுதச் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் கருவாடே சமைப்பதில்லை என்று எழுதியிருப்பேன்.

காலை ஐந்து மணி:
கருவாட்டைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். அந்த டப்பாவைக் கட்டியவரைப் பற்றியும் பேச வேண்டும். இத்தகைய நாடகங்களில் பெரும்பாலும் ஒரு பையன் சேலை கட்டிக்கொண்டு, கரண்டியை ஓங்கியபடி 'சாப்பிட்டாயா, இல்லையா' என்று கத்துவான், அதுதான் அம்மா. எலுமிச்சைச் சாதத்தைச் சோம்பேறியின் சமையல் என்று கேலி செய்வார்கள். காலை ஆறு மணிக்கு வடித்த சோறு பகல் பன்னிரண்டரை மணி வரை, நம் ஊர் வெயிலில், புத்தகப் பைக்குள் கெடாமல் இருக்க வேண்டும். சோற்றில் கொதிக்கும் சூட்டையும் தாங்கி நிற்கும் நுண்ணுயிர் வித்துகள் உண்டு. அவை வெதுவெதுப்பில் பெருகும். எலுமிச்சையும் புளியும் அந்தப் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். தயிர்ச் சாதத்தில் நிறையப் பாலும் ஒரு கரண்டித் தயிரும் விட்டால்தான் மதியத்திற்குள் அது புளிக்காமல் உறையும். சூடாக மூடினால் வேர்த்துவிடும் என்பதற்காக ஆறவைத்து மூட வேண்டும். அதற்குள் வேன் வாசலில் ஒலி எழுப்பும். இவ்வளவையும் ஒரு கத்தலாகச் சுருக்கிக் காட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டார்கள். சிரிப்பு மட்டும் ஏன் 299 நிமிடம் உழைப்பவர் மீது விழ வேண்டும்?

இரண்டாவது ஷிப்ட்:
சகோதரி சொல்வது முழுவதும் உண்மை. இருந்தாலும் கரும்பலகை ஐயாவின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகனின் வகுப்பு நாடகத்தில் ஓர் அப்பா வந்தார். டப்பா, மூடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் மேசைமேல் இருக்க, 'மூடி எங்கே, மூடி எங்கே' என்று மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். அரங்கமே சிரித்தது. அன்று சட்டை, பேச்சு, நடை எல்லாம் என்னுடையவை என்பதை நான் கண்டேன். என் மனைவி சிரிக்கவில்லை என்பதையும் கண்டேன். அடுத்த வாரத்திலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் டப்பா என் பொறுப்பு. பத்து முறை வாய்விட்டுச் சொல்லியும் நான் கேட்காததை அந்தக் கேலி கேட்க வைத்தது. ஆகவே பகடியே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சத்துணவுக்கூடம்:
நான் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எங்கள் பிள்ளைகளிடம் டப்பா கிடையாது, தட்டுதான். அவர்களும் கேலி செய்வார்கள், அதுவும் கடுமையாக. ஒருமுறை காணாமற்போனவர் அறிவிப்பைப் போல, 'சாம்பாரிலிருந்து பருப்பைக் காணவில்லை. கடைசியாகக் கொதிக்கும்போது பார்த்தவர்கள் தகவல் தரவும்' என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அன்று எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரி, அடியில் தங்கிய பருப்பைக் கிளறாமல் மேலாக மொண்டு ஊற்றியிருந்தோம். மறுநாள் கிளறி ஊற்றினோம்.

1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை முதல் நாளில் தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளுக்குப் பசி தீர்த்தன. அதோடு எல்லாரையும் ஒரே பானைச் சோற்றை உண்ண வைத்தன. அதனால்தான் எங்கள் பிள்ளைகளின் கேலி என்னிடம் வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வீட்டுக்குப் போவதில்லை. ஜப்பானிய டப்பாக்களின் அழகைக் காட்டி நம் அம்மாக்களை ஒப்பிடுகிற படங்கள் நிறைய வருகின்றன. அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பள்ளியே உணவு தருகிறது, பிள்ளைகளே வரிசையில் நின்று பரிமாறுகிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. டப்பா திறக்கும்போது வீடு திறக்கிறது. தூத்துக்குடி அம்மா சொல்லும் வரி அந்த வீட்டைத்தான் தொடுகிறது. சாம்பார் வெள்ளம் தொடவில்லை.

தூத்துக்குடித் தாய்:
அனைவருக்கும் நன்றி. முதல் பதிவில் ஒன்றை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. கருவாட்டு வரியை எழுதியவள் என் மகள். இன்று மாலை அவளிடம் பேசினேன். 'அவளும்தான் சிரித்தாள் அம்மா' என்றாள். 'இந்த வாரம் அவள் டப்பாவில் என்ன இருந்தது?' என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, 'ஊறுகாய்ச் சாதம்' என்றாள். 'நேற்று?' 'ஊறுகாய்ச் சாதம்.' 'ஒத்திகைக்கு முன்னால்?' அதற்கு அவள் விடை சொல்லவில்லை. நாடகத் தாளை எடுத்துவந்து, அந்த வரியைப் பென்சிலால் அவளே அடித்தாள். நான் அடிக்கச் சொல்லவில்லை.

கரும்பலகை:
அவளே அடித்தாள் என்றால் எனக்கு மறுப்பில்லை, அம்மா. வானிலைப் பகுதியை மட்டும் முழுவதுமாக எடுத்துவிட விடாதீர்கள். சமூக அறிவியல் புத்தகத்தில் சாம்பார் வெள்ளம் இருக்கட்டும். சேலை கட்டிய பையன் வருவதாக இருந்தால், அவன் கையிலிருக்கும் கரண்டியை வாங்கி அப்பாவாக நடிப்பவனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.