வலியே இல்லாத முதுகுக்கு எம்.ஆர்.ஐ.: அளவு கொடுத்தவர்கள் சொல்லுங்கள்

நடைப்பிரியன்:
முதுகுவலி இல்லாதவர்களின் கீழ்முதுகுத் தண்டுவடக் கால்வாய் எவ்வளவு விரிவு என்று அளக்கும் ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போனேன். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, காதை அடைத்து உள்ளே தள்ளினார்கள். சத்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அப்புறம் படத்தைக் காட்டினார்கள். நீரை வெள்ளையாகக் காட்டும் டி2 என்ற வகைப் படத்தில் தண்டுவட நீர் பளிச்சென்று தெரிந்தது. தண்டுவடம் எல்1, எல்2 (கீழ்முதுகின் ஐந்து எலும்புகளில் மேலிருந்து முதல் இரண்டு) பக்கத்திலேயே கூராக முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டும்தான், கறுப்பு நூல்களாக. படுத்திருந்ததால் எல்லாம் பின்பக்கம் படிந்து கிடந்தன. கால்வாய் மிகவும் குறுகிப்போனால் இப்படிப் படியாதாம்.

"என் அளவு எவ்வளவு?" என்று கேட்டேன். "எந்த இடத்து அளவு?" என்று திருப்பிக் கேட்டார் டாக்டர். எல்3 எலும்பின் நடுமட்டத்தில் முன்பின்னாக 17 மி.மீ.; அதை அடுத்த டிஸ்க் (எலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை) மட்டத்தில் 14. ஒரே முதுகு!

படக்கூடத்துக்காரி:
அவர் கேட்டது நியாயம்தான். நான் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எலும்புக் கால்வாய் வேறு, அதற்குள் நரம்புகளைச் சுமக்கும் உறைப்பை வேறு, நடுவில் கொழுப்பு. எதை அளந்தீர்கள் என்று சொல்லாத எண்ணை நான் நம்புவதில்லை. டிஸ்க் மட்டத்தில் முன்னாலிருந்து டிஸ்க்கும் பின்னாலிருந்து தசைநாரும் நெருக்கும், அதனால்தான் உங்களுக்கு 14. குறுக்குவெட்டை டிஸ்க்கின் சாய்வுக்கு இணையாக எடுக்காவிட்டால் கால்வாய் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். கீழ்முதுகின் கடைசி எலும்பு இடுப்போடு சேரும் எல்5-எஸ்1-ல் சாய்வு அதிகம், அங்கேதான் வெட்டுக் கோட்டைத் திருப்பித் திருப்பி வைப்போம்.

முன்பின் விட்டம் 12 மி.மீ.க்குக் கீழே போனால் ஓரளவு குறுகல், 10-க்குக் கீழே முழுக் குறுகல் என்பார்கள். 1954-ல் இந்தக் கால்வாய்க் குறுகல் நோயை விவரித்த டச்சு மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் வழி வந்த கணக்கு அது. அப்போது எம்.ஆர்.ஐ.யே கிடையாது! உறைப்பையின் பரப்புக்கு 100, 75 சதுர மி.மீ. என்று வேறு எல்லைகள்.

மாடிப்படி:
நானும் இப்படி ஒரு ஆய்வுக்குப் போனவன்தான். எல்4-எல்5-ல் 11 மி.மீ. என்று வந்தது. நான் தினமும் ஓடுகிறவன். பதறிப்போய் டாக்டரிடம் போனால், அவர் படத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். நடந்தால் கால் மரத்துப்போகிறதா, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சரியாகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. "அப்போ போய் ஓடுங்க" என்றார்.

1990-ல் வெளியான, போடன் என்ற அமெரிக்க மருத்துவர் குழுவின் ஆய்வைப் பிறகு படித்தேன். அறிகுறியே இல்லாத 67 பேரை ஸ்கேன் செய்ததில், 60 வயது தாண்டியவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குக் கால்வாய்க் குறுகல் தெரிந்திருக்கிறது. ரிப்போர்ட்டை முதலில் கூகுளிடம் காட்டுகிறவர்கள் இதையும் படிக்கலாம்.

நடைப்பிரியன்:
ஒரு சந்தேகம். முழங்காலுக்கு அடியில் வைத்த தலையணை அளவை மாற்றுமா?

படக்கூடத்துக்காரி:
மாற்றும். காலை மடக்கினால் இடுப்பு வளைவு தட்டையாகி, கால்வாய் கொஞ்சம் விரியும். நிமிர்ந்து நின்றால் சுருங்கும். உங்கள் 14-உம் அவர் 11-உம் படுத்த நிலை அளவுகள். அதனால் இந்த மாதிரி ஆய்வுகளில் எல்லோருக்கும் ஒரே தலையணைதான் கொடுக்க வேண்டும். குட்டையானவர்கள் "உயரமா இருக்கு" என்று முனகினாலும் சரி.