மழை முன்னறிவிப்பும் விண்கலத் தொடர்பும்: தரவு தந்து உதவுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறேன், முதுகலை மின்னணுவியல் இறுதியாண்டு. தொலைதூர விண்கலம் தரவு அனுப்பும் வேகத்தை வானிலை முன்னறிவிப்பைக் கொண்டு தீர்மானிக்கலாமா என்பதுதான் என் ஆய்வு.

விண்கலங்கள் பேசும் வானொலி அலைவரிசைகளில், 8.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ்-பேண்டை மழை அதிகம் பாதிப்பதில்லை. 32 கிகாஹெர்ட்ஸ் கேஏ-பேண்ட் கூடுதல் தரவைச் சுமக்கும், ஆனால் மழைக்கு அஞ்சும். மழைத்துளி அலையை விழுங்குவதோடு நிற்பதில்லை. தானும் இரைச்சலை உமிழ்கிறது. குளிர்ந்த வானத்தை நோக்கிக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவுக்கு அது பெரிய தொல்லை. எந்த வேகத்தில் தரவு அனுப்ப வேண்டும் என்பது உட்பட, கலத்துக்கான கட்டளைகளை முன்னதாகவே அனுப்பிவிடுவார்கள். எனவே நாசாவின் தொலைவிண்வெளி ஆன்டெனாக்கள் இருக்கும் கோல்ட்ஸ்டோனிலோ மாட்ரிட்டிலோ கான்பெராவிலோ அன்றைக்கு மேகம் திரளுமா என்று தெரிந்தால், வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இதன் சிறுவடிவத்தை எங்கள் மொட்டைமாடி டிஷ்ஷிலேயே பார்க்கிறேன். ஐப்பசியில் தென்கிழக்கே மேகம் கறுத்துவிட்டால், எங்கள் தெருவில் முதல் துளி விழுவதற்குள் அம்மா பார்க்கும் செய்தி கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

வீட்டில் தானியங்கி மழைமானி வைத்திருப்பவர்கள், சென்ற வடகிழக்குப் பருவமழையின் நிமிடவாரிப் பதிவைத் தர முடியுமா? நாள் மொத்தம் போதாது. பத்து நிமிடம் கொட்டித் தீர்க்கும் மழைதான் இணைப்பை அறுக்கிறது. மீனம்பாக்கத்தில் பறக்கவிடும் வானிலை பலூனின் தரவில் ஈரப்பதம் கிடைக்கிறது, மேகத்திலுள்ள திரவ நீரின் அளவு கிடைக்கவில்லை. அதைக் கணக்கிடும் வழி தெரிந்த மூத்தவர்கள் தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள். தாம்பரமோ மணலியோ, எங்கிருந்தாலும் நானே நேரில் வந்து நகலெடுத்துக்கொள்கிறேன்.