ப்ளாக் அண்ட் ஒயிட் ஸ்ட்ரீட்: தேர்ட்ஸ் கட்டத்துல யாரை நிறுத்துறது?

தெருவுல போற வர்றவங்களை எடுக்கற ஸ்ட்ரீட் போட்டோகிராஃபில 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்'னு ஒண்ணு சொல்வாங்க: கேமரா ஸ்க்ரீன்ல ரெண்டு நெட்டுக்கோடு, ரெண்டு படுக்கைக்கோடு போட்டு படத்தை ஒன்பது கட்டமா பிரிச்சு, முக்கியமானதை அந்தக் கோட்டு மேலயோ கோடுங்க வெட்டிக்கற நாலு புள்ளியிலயோ வைக்கறது. ஆளை கோட்டு மேல வெச்சாச்சு, முகத்தை குறுக்குப் புள்ளியில வெச்சாச்சு, இருந்தும் படம் சப்புன்னு இருக்குன்னு நிறைய பேர் சொல்றீங்க. எனக்குத் தோணுறது என்னன்னா, கருப்பு வெள்ளையில கட்டத்துக்குள்ள ஆளுக்கு முன்னாடி வெளிச்சத்துக்கு இடம் பாக்கணும், ஆள் அப்புறம்.

ஒருநாள் சாயங்காலம் நீளமா ஒரு மதில் சுவர், எதிர் பில்டிங் நிழல் அதுல மூணுல ரெண்டு பங்கை மூடிடுச்சு, மிச்சம் ஒரு பங்குல மட்டும் பளீர்னு வெயில். வெயிலும் நிழலும் பிரியுற இடம் சரியா வலது கோட்டு மேல உக்கார்ற மாதிரி ரெண்டடி நகந்து நின்னுட்டேன். 28 எம்எம் வைட் லென்ஸ், அதோட துவாரம் (அபெர்ச்சர்) எஃப் 8, ஃபோகஸை 3.3 மீட்டர்ல மேனுவலா வெச்சாச்சு (ஃபுல் ஃப்ரேம்ல, அதாவது பெரிய சென்சார் இருக்கற கேமராவுல, இப்படி வெச்சா ஒண்ணே முக்கால் மீட்டர் தாண்டி இருக்கறதெல்லாம் ஓரளவு ஷார்ப்பா விழும், ஆள் வரும்போது ஃபோகஸ் தேடுற வேலையே இல்ல), எக்ஸ்போஷர், அதாவது உள்ள விடுற வெளிச்ச அளவு, வெயில் பட்ட சுவருக்கு ஏத்த மாதிரி வெச்சேன், அதனால நிழல் பக்கம் கிட்டத்தட்ட கருப்பு. இனி ஆள் வரணும், அவ்ளோதான்.

பக்கத்துல ஒரு பெரியவர் வந்து நின்னாரு. "சும்மா செவுத்தையே ஏன் தம்பி பாத்துட்டு இருக்கீங்க?" ஸ்க்ரீனை காட்டுனேன். "என்ன கோடு கோடா இருக்கு, உடைஞ்சு போச்சா?"ன்னாரு. இல்லய்யா, அந்த வெளிச்சத்துக்குள்ள ஒருத்தர் வரணும்னு சொன்னேன். அப்பதான் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் வர, நான் க்ளிக் பண்ண, பெரியவர் திரும்ப எட்டிப் பாத்துட்டு "இவரு செவுத்தோட செவுரா போயிட்டாரே"ன்னாரு பாருங்க! நூத்துக்கு நூறு உண்மை. ஆள் கரெக்டா புள்ளியிலதான் இருக்காரு, ஆனா வெள்ளை மேல வெள்ளை, தலைமுடி மட்டும் தனியா மிதக்குது. கொஞ்ச நேரத்துல கருப்பு கோட் போட்ட ஒரு அம்மா பையோட போனாங்க, அதே இடம், அதே வெளிச்சம், பை வார் வரைக்கும் வெட்டி எடுத்த மாதிரி நிக்குது.

இந்த ரூலுக்குப் பேர் வந்த கதையும் இதோட ஒத்துப்போகுது. 1797ல ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு இங்கிலீஷ் ஓவியர் தான் எழுதுன புத்தகத்துல இதைச் சொன்னப்போ, ஒரே படத்துல வெளிச்சம் சரிபாதியா ரெண்டு இடத்துல இருக்கக்கூடாதுங்கற பேச்சுல இருந்துதான் ஆரம்பிக்கறாரு, அதுக்கப்புறம்தான் நிலம் ஒரு பங்கு வானம் ரெண்டு பங்குன்னு போறாரு. நாலு புள்ளியில ஆளை குத்தி வைக்கறதெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

கலர் ஏமாத்துற விஷயம் இன்னொண்ணு. பச்சை கேட் முன்னாடி சிவப்புச் சட்டை, கண்ணுக்கு அள்ளும், ஆனா கருப்பு வெள்ளையில ரெண்டும் பெரும்பாலும் ஒரே சாம்பல்தான். கம்ப்யூட்டர்ல கருப்பு வெள்ளையா கன்வர்ட் பண்ணும்போது ரெட் ஃபில்டர் போட்டா சட்டை வெளுத்து கேட் இருண்டு பிரிஞ்சிடும், ஆனா ஸ்பாட்லயே தெரியணும்னா கேமராவை மோனோக்ரோம்ல (கருப்பு வெள்ளையில) வெச்சுட்டு, சென்சார் பிடிச்சதை அப்படியே வெச்சுக்கற ரா ஃபைலையும் சேர்த்து சேவ் பண்ணுங்க. கலர் எங்கயும் போகாது.

நடக்கறவருக்கு முன்னாடி ரெண்டு பங்கு இடம் விடணும்னு சொல்றாங்களே, அதை நான் ரொம்ப கண்டுக்கறதில்ல. ஃப்ரேமை விட்டு வெளிய போற முதுகு சில நேரம் இன்னும் நல்லாருக்கும். அதே மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற சப்வே, படிக்கட்டுன்னா நேரா நடுவுல வைங்க, கட்டத்தை ஆஃப் பண்ணிடுங்க.

அப்புறம் க்ராப். பின்னாடி வெட்டி தேர்ட்ஸுக்கு கொண்டு வந்துக்கலாம்னு சிலர் சொல்றீங்க, ஆளை நகத்தலாம்தான், ஆனா அவரு தலைக்குப் பின்னாடி முளைச்ச கம்பத்தை க்ராப் நகத்தாது, அதுக்கு அங்கயே ஓரடி தள்ளி நின்னிருக்கணும்.